ஒன்றரைக் கிலோமீட்டர் நாணலுக்குள் நடக்க ஒரு நாளைச் செலவிடலாமா?

நீங்கள் கேட்டதைச் சுருக்கி எழுதிக்கொள்கிறேன். மே மாதம் ஸ்டுட்கார்ட்டில் இருக்கும் மகள் வீட்டுக்கு வருகிறீர்கள். ஃபெடர்சே ஏரியின் நாணற்காட்டுக்கு நடுவே போகும் பலகைப் பாதைக்கு ஒரு நாள் அழைத்துப்போவதாக மகள் சொல்லியிருக்கிறார். இணையத்தில் படங்களைத் தேடினால் இரு பக்கமும் ‘கோரைப்புல்’லைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. கணவருக்கு முழங்கால் வலி. பாம்பு, கொசு பற்றிய கவலை வேறு. ‘புல்லைப் பார்க்க ஒரு நாளா, அதற்குப் பதிலாக ஒரு அரண்மனையைப் பார்த்துவிடலாமா’ என்பது கேள்வியின் கடைசி வரி. முழங்காலுக்கும் கொசுவுக்கும் பிறகு வருகிறேன். கண்ணுக்கு ஒன்றும் அகப்படாத இடத்தில் எதைப் பார்ப்பது என்பதுதான் நீங்கள் உண்மையில் கேட்டிருக்கும் கேள்வி என்று எனக்குப் படுகிறது. அது நியாயமான கேள்வி. முதல் முறை போனபோது எனக்கும் அதே எண்ணம்தான் வந்தது.

என்னைப் பற்றி இரண்டு வரி. படித்தது தாவரவியல். பதினெட்டு ஆண்டுகளாகத் தென் ஜெர்மனியில் இருக்கிறேன், அதில் பாதிக்கு மேல் சதுப்பு நிலங்களில் செடி எண்ணும் வேலை. ஆகவே நாணலைப் பற்றிச் சொல்வதை நம்பலாம். பறவைகளைப் பொறுத்தவரை காது பழகியவன், நிபுணன் இல்லை. தொல்லியல் எனக்குப் பிறரிடம் கேட்டும் அருங்காட்சியகத்தில் நின்றும் வந்த அறிவு.

முதலில் பெயரைச் சரிசெய்துவிடலாம். அது கோரை அல்ல. பத்தமடையில் பாய் முடையும் கோரை வேறு குடும்பம், தண்டு முக்கோணமாக இருக்கும், உள்ளே பஞ்சுபோன்ற சோறு நிறைந்திருக்கும். ஃபெடர்சேயில் நிற்பது உண்மையான புல், அதாவது நெல், கரும்பு, மூங்கில் இவற்றின் உறவு. கணுக்கணுவாக, உள்ளே பொள்ளலாக, நல்ல இடத்தில் நான்கு மீட்டர் வரை வளரும். தாவரவியலில் ஃபிராக்மைட்டிஸ் ஆஸ்ட்ராலிஸ். இதன் நெருங்கிய இனத்தை நம் ஊரில் கொறுக்கை, கொறுக்கைச்சி என்பார்கள். சங்கப் பாடல்களில் மருத நிலத்தில் வரும் வேழம் என்ற சொல்லுக்கு உரைகாரர்கள் கொறுக்கைச்சி என்று பொருள் எழுதுவதால், நம் இலக்கியத்துக்கும் இந்தப் புல் அந்நியம் இல்லை. நாணல் என்ற பெயரை ஆற்று மணலில் வெள்ளைப் பூவோடு நிற்கும் வேறொரு புல்லுக்கும் சொல்கிறோம். இங்கே வேறு நல்ல சொல் இல்லாததால் நாணல் என்றே வைத்துக்கொள்கிறேன்.

இடம் எப்படிப்பட்டது என்று தெரிந்தால்தான் பாதை புரியும். ஃபெடர்சே, பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தின் தெற்கில், மேல் சுவாபியா எனப்படும் பகுதியில், பாட் புக்காவ் என்ற சிற்றூரை ஒட்டி இருக்கிறது. பெயரை அப்படியே பெயர்த்தால் ‘இறகு ஏரி’ என்று வரும். அழகான பொருள்தான், ஆனால் பெயர் இறகிலிருந்துதான் வந்தது என்று உறுதியாகச் சொல்ல முடியாது. சதுப்பு என்று பொருள்படும் பழைய சொல்லிலிருந்து வந்தது என்றும் ஒரு விளக்கம் உண்டு. பனியாறுகள் உருகிப் பின்வாங்கியபோது இங்கே உருவான ஏரி சுமார் 30 சதுர கிலோமீட்டர். இன்று திறந்த நீர்ப்பரப்பு ஏறத்தாழ 1.4 சதுர கிலோமீட்டர்தான். ஆழமான இடத்திலும் மூன்று மீட்டரைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். மீதி முழுவதும் சதுப்பு. தென்மேற்கு ஜெர்மனியில் இவ்வளவு பெரிய தொடர்ச்சியான சதுப்பு வேறு இல்லை.

ஏரி இப்படிச் சுருங்கியதில் பாதி இயற்கையின் வேலை. இலையும் தண்டும் வண்டலும் சேர்ந்து ஆழமில்லாத ஏரி தானே தூர்ந்துவிடும், அதற்குச் சில ஆயிரம் ஆண்டுகள் போதும். மறுபாதி மனிதர்களின் வேலை. 1787இலும் 1808இலும் வடிகாலை ஆழப்படுத்தி ஏரி மட்டத்தை இரு முறை இறக்கினார்கள். விளைநிலம் வேண்டும் என்பது நோக்கம். நீர் வடிந்தது, நிலம் வெளியே வந்தது, ஆனால் அது உழுவதற்கு லாயக்கில்லாத, கால் புதையும் சேறு. அதில் விதைக்காமலே விளைந்தது நாணல். நீங்கள் நடக்கப்போகும் பலகைப் பாதையின் பெரும்பகுதி அந்தப் பழைய ஏரியின் தரைக்கு மேலேதான் போகிறது. இருநூற்று ஐம்பது ஆண்டுகளுக்கு முன் அதே கோட்டில் போக வேண்டுமென்றால் படகு எடுத்திருக்க வேண்டும்.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு நடந்தால் ஒன்றரைக் கிலோமீட்டரும் ஒரே புல்லாகத் தெரியாது. ஏரி எப்படி நிலமாகிறது என்ற கதையைப் பின்னிருந்து முன்னாகப் படிக்கிறீர்கள். ஊர்ப் பக்கம் ஈரப் புல்வெளி, வில்லோ புதர், அங்கங்கே பிர்ச் மரம். அதைத் தாண்டினால் நாணல் உயரம் குறைந்து, இடையிடையே கோரை வகைகளோடு கலந்து நிற்கும். அங்கே தரை ஈரம், ஆனால் நீர் தேங்கியிருக்காது. போகப் போகத் தண்டு தடிக்கும், உயரும், வேறு செடி எதுவும் இருக்காது. பலகை இடுக்கு வழியாகக் கீழே பாருங்கள்: சேறு, பிறகு சேற்று நீர், பிறகு கறுத்த தெளிந்த நீர். கடைசியில் நாணல் சட்டென்று முடிந்து ஏரி திறக்கும். அந்தத் திறப்புக்காக மட்டும் வேகமாக நடந்து, படம் எடுத்துக்கொண்டு, ‘புல்தான் இருந்தது’ என்று திரும்பியவர்கள் நிறைய. என் தம்பியும் அந்தக் கூட்டத்தில் ஒருவன்.

மே மாதம் வருகிறீர்கள் என்பதால் ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். பச்சைச் சுவரை எதிர்பார்த்து வந்தால் ஏமாற்றமாக இருக்கும். நாணல் தாமதமாகத் துளிர்க்கும் செடி. மே தொடக்கத்தில் நிற்பவை பெரும்பாலும் போன ஆண்டின் செத்த தண்டுகள், வைக்கோல் நிறத்தில். அவற்றின் காலடியில் புதுக் குருத்துகள் ஈட்டி முனைபோல எழுந்துகொண்டிருக்கும். முதல் முறை பார்ப்பவர்கள் காடு காய்ந்துவிட்டது, யாரோ பராமரிக்காமல் விட்டுவிட்டார்கள் என்று நினைக்கிறார்கள். இந்தச் செத்த தண்டுகள்தான் நாணற்காட்டின் மிக முக்கியமான உறுப்பு என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள், அதனால் கொஞ்சம் விளக்குகிறேன்.

நாணலின் உயிர் மேலே இல்லை, சேற்றுக்குள் படுத்திருக்கும் தண்டுக்கிழங்கில் இருக்கிறது. நீர் தேங்கிய சேற்றில் ஆக்சிஜன் கிடையாது. வேர் மூச்சுவிடக் காற்றை மேலிருந்துதான் கொண்டுவர வேண்டும். பச்சைத் தண்டின் இலையுறைகளில் இருக்கும் நுண்துளைகள் வழியாகக் காற்று உள்ளே புகுகிறது. உள்ளே ஈரமும் வெப்பமும் அதிகம் என்பதால் அழுத்தம் சற்றுக் கூடுகிறது. அந்த அழுத்தம் காற்றைத் தண்டின் பொள்ளல் வழியே கிழங்குவரை தள்ளுகிறது. உள்ளே போன காற்று வெளியேற வழி வேண்டுமே? அதுதான் போன ஆண்டின் உடைந்த தண்டுகள். அவை புகைபோக்கிகள். தவிர, குளிர்காலத்தில் பச்சையே இல்லாதபோதும், உயரமாக உடைந்து நிற்கும் தண்டின் வாயை உரசிக்கொண்டு காற்று வீசும்போது அது உள்ளிருக்கும் காற்றை மேலே உறிஞ்சுகிறது. அதற்கு ஈடாக, காற்று குறைவாகப் படும் குட்டைத் தண்டுகள் வழியே புதுக் காற்று இறங்குகிறது. இவையெல்லாம் அளந்து உறுதிசெய்யப்பட்டவை. தண்டை நீருக்கு மேலே வெட்டினால் நாணல் கவலைப்படாது. நீர் மட்டத்துக்குக் கீழே வெட்டி, குழாய்களில் தண்ணீர் புகுந்துவிட்டால், கிழங்கு மூச்சு முட்டிச் செத்துவிடும். வேண்டாத இடத்தில் நாணலை ஒழிக்க இதையே ஒரு வழியாகப் பயன்படுத்துகிறார்கள்.

கணவருக்குப் பறவையில் ஆர்வம் இல்லை என்று எழுதியிருந்தீர்கள். அவர் பொறியாளர் என்றும் எழுதியிருந்தீர்கள். இந்த மூச்சுக் குழாய் கதையைப் பாதையில் வைத்து அவரிடம் சொல்லிப் பாருங்கள்.

கைக்கு எட்டும் இலை ஒன்றைப் பிடித்துப் பார்ப்பதில் தவறில்லை, பறிக்க வேண்டாம். இலையின் குறுக்கே பல் பதிந்ததுபோல ஒரு தடம் இருக்கும். சாத்தான் கடித்த தடம் என்று ஐரோப்பாவின் சில நாட்டார் கதைகள் சொல்லும். இலை குருத்தாகச் சுருண்டு இறுக்கமாக இருந்தபோது பட்ட அழுத்தம்தான் அது. இன்னொன்று, காற்றடிக்கும் நாளில் எல்லா இலைகளும் ஒரே பக்கம் கொடிபோல நிற்கும். இலையுறை தண்டைச் சுற்றித் திரும்பக்கூடியது, காற்று மாறினால் இலையும் திரும்பிக்கொள்ளும். நாணல் வளைவதைப் பற்றி நாம் எத்தனையோ பழமொழி வைத்திருக்கிறோம், திரும்புவதை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

நீங்கள் பார்த்த படங்கள் ஏமாற்றியதற்குக் காரணம், நாணற்காடு காதுக்கான இடம் என்பது. உயரமான, நெருக்கமான புல்லில் கண்ணுக்கு இரண்டு மீட்டருக்கு மேல் வேலை இல்லை. அங்கே வாழும் பறவைகளுக்கும் அதே நிலைமைதான், ஒன்றையொன்று பார்க்க முடியாது. ஆகவே அவை ஓயாமல் பேசுகின்றன. மே மாதத்தில் பாதையில் கால் வைத்த சில நிமிடங்களிலேயே ‘சர்ர் சர்ர், கிரி கிரி கிரி, சர்ர்’ என்று தையல் இயந்திரம் ஓடுவதுபோல ஒரு குரல் கேட்கும். அது நாணல் கதிர்க்குருவி. பன்னிரண்டு கிராம் எடை, மங்கிய பழுப்பு நிறம். சகாரா பாலைவனத்துக்குத் தெற்கே குளிர்காலத்தைக் கழித்துவிட்டு ஏப்ரல் கடைசியில் திரும்பி வரும். மூன்று நான்கு தண்டுகளைத் தூணாக வைத்து அவற்றுக்கு இடையே ஆழமான கிண்ணம்போலக் கூடு பின்னும். காற்றில் தண்டு சாய்ந்தாலும் முட்டை உருளக் கூடாதே, அதனால்தான் அந்த ஆழம். இந்த ஆண்டுப் புதுத் தண்டு வளர்ந்து தாங்கும்வரை பழைய தண்டுகள்தான் தூண். செத்த தண்டு மறுபடியும் கதைக்குள் வந்துவிட்டது பாருங்கள்.

இதற்கிடையே ‘குக்-கூ’ என்ற குரலும் கேட்கலாம். அது நம் ஊர்க் குயில் இல்லை, ஐரோப்பாவின் குக்கூ. நம் குயில் காக்கையின் கூட்டைத் தேடுவதுபோல இது சிறு பறவைகளின் கூட்டில் முட்டையிடும், நாணல் கதிர்க்குருவி அதற்கு மிகவும் பிடித்த ஏமாளி. பன்னிரண்டு கிராம் பறவை தன்னைப்போலப் பல மடங்கு பெரிய குஞ்சுக்கு அதன் தோளில் நின்று ஊட்டும் காட்சியை வாழ்நாளில் இரண்டு முறைதான் நேரில் கண்டிருக்கிறேன். உங்களுக்குக் கிடைக்கும் என்று சொல்ல மாட்டேன், அதற்கான காலம் ஜூன், ஜூலை.

திடீரென்று பன்றிக்குட்டியைக் கழுத்தைப் பிடித்து இழுப்பதுபோல ஓர் அலறல் உள்ளேயிருந்து வந்தால் பயப்பட வேண்டாம். காணான்கோழி இனத்தில் ஒன்று அது. தமிழில் அந்தப் பெயரை வைத்தவர் தேடிக் களைத்தவராகத்தான் இருக்க வேண்டும். ‘டிங்… டிங்’ என்று சிறு காசை மேசையில் போட்டதுபோலக் கேட்டால் நின்றுவிடுங்கள். தாடிக்குருவி என்று ஜெர்மானியர் பெயர் வைத்திருக்கும் பறவை, ஆணின் முகத்தில் தொங்குவது தாடி இல்லை, கறுப்பு மீசை. இது வலசை போகாமல் ஆண்டு முழுவதும் நாணலிலேயே இருக்கும். கோடையில் பூச்சி தின்னும், குளிரில் பூச்சி இருக்காது, ஆகவே நாணல் விதைக்கு மாறிவிடும். அதற்காக அதன் இரைப்பையே தடித்து மாறுகிறது, விதையை அரைக்கச் சிறு கல்லையும் விழுங்கிக்கொள்கிறது. கடும் பனி விழுந்து விதைக்கதிர்கள் மூடிவிட்டால் கூட்டம் கூட்டமாகச் செத்துவிடும். அதனால் ஓர் ஆண்டு நிறைய, அடுத்த ஆண்டு ஒன்றிரண்டு என்று இதன் எண்ணிக்கை ஏறி இறங்கும்.

இனி, எல்லோரும் கேட்கும் பெரிய குருகு. காலி சோடா பாட்டிலின் வாயில் ஊதியதுபோல ‘ஊம்ப்’ என்று அடிவயிற்றில் அதிரும் குரல். அமைதியான விடியலில் சில கிலோமீட்டர்வரை போகும், ஜெர்மன் நாட்டுப்புறத்தில் இதைச் ‘சதுப்பு எருது’ என்பார்கள். ஆளைக் கண்டால் அலகை வானத்துக்கு நீட்டி நாணலோடு நாணலாக நின்றுவிடும், காற்றடித்தால் தண்டுகளோடு தானும் ஆடும். இதைக் கேட்கவே போகலாம் என்று யாராவது உங்கள் மகளிடம் ஆசை காட்டியிருந்தால், அந்த ஆசையைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள். இந்த நாட்டில் இது அரிதாகிவிட்ட பறவை. நான் இருபது முறைக்கு மேல் விடியலில் காத்திருந்து, மூன்று முறை கேட்டிருக்கிறேன். பார்த்தது ஒரே ஒரு முறை, அதுவும் பறந்து போகும் முதுகை.

வானத்தைப் பார்க்க மறக்க வேண்டாம். நாணல் நுனியைத் தடவுவதுபோலத் தாழ்வாக, இறக்கையை ஆங்கில ‘வி’ எழுத்துபோலத் தூக்கிப்பிடித்து மிதந்து வரும் பருந்து சேற்றுப் பூனைப்பருந்து. பள்ளிக்கரணைச் சாலையோரத்தில் குளிர்காலத்தில் நின்றவர்கள் இதே இனத்தைப் பார்த்திருப்பார்கள். அங்கே விருந்தாளியாக வருவது இங்கே கூடு கட்டி வாழ்கிறது. மே மாதத்தில் ஆண் இரையோடு வரும், பெண் கூட்டிலிருந்து எழும், நடுவானில் ஆண் போடுவதைப் பெண் தலைகீழாகப் புரண்டு பிடிக்கும். பாதையின் எந்த இடத்திலிருந்தும் இது தெரியக்கூடும், பைனாகுலர் கூட வேண்டாம். ஏரி முனையில் கொண்டை முக்குளிப்பானும் நாமக்கோழியும் அநேகமாக நிச்சயம். மீனுக்குப் பாயும் ஆலாக்களும் இருக்கும்.

எதைப் பார்ப்பது என்பதைவிட எப்படி நடப்பது என்பதில்தான் பாதி விஷயம் இருக்கிறது. ஒரு முறை நண்பர்கள் குடும்பம் ஒன்றை ஜூலை மாத நண்பகலில் கூட்டிப்போனேன். பன்னிரண்டு பேர், நல்ல வெயில், பலகையில் தடதடவென்று செருப்புச் சத்தம். போய்த் திரும்ப முக்கால் மணி நேரம். ஒரு தட்டாம்பூச்சியைத் தவிர எதுவும் தென்படவில்லை, கூட வந்த மாமி ஒருவர் ‘இதற்கா இவ்வளவு தூரம்?’ என்று கேட்டேவிட்டார். தவறு முழுக்க என்னுடையது. பலகைப் பாதை ஒரு பெரிய மத்தளம், அடி ஒவ்வொன்றும் தூண் வழியாகச் சேற்றுக்குள் போகிறது. இப்போது நான் செய்வது இதுதான்: ஐம்பது அடி நடப்பேன், ஐந்து நிமிடம் நிற்பேன். நாணல் சுவரை முறைத்துப் பார்க்க மாட்டேன், விளிம்புகளை மட்டும் பார்ப்பேன். நாணலும் நீரும் சேரும் இடம், பழைய தண்டும் புதருமாகக் கலக்கும் இடம், ஒரு சிறு திறப்பு. உள்ளிருக்கும் உயிர்கள் வெளியே வருவது அங்கேதான்.

நேரம் விடியலோ மாலையோதான். மே நடுவில் அங்கே ஐந்தரை மணி வாக்கில் சூரியன் வந்துவிடும், மறைய இரவு ஒன்பது ஆகும். ஸ்டுட்கார்ட்டிலிருந்து ரயிலில் வந்தால் விடியலைப் பிடிக்க முடியாது. உல்ம் வழியாக பாட் ஷுஸன்ரீட் நிலையம் வந்து, அங்கிருந்து பஸ்ஸில் புக்காவ் போக வேண்டும், மாலை பஸ் நேரத்தைப் புறப்படும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். கார் இருந்தால் பிற்பகலில் கிளம்பி மாலை ஆறு மணிக்குப் பாதையில் கால் வைப்பதே சிறந்தது. ஓர் இரவு தங்க முடிந்தால் இன்னும் நல்லது.

பகலில் மிச்சமாகும் நேரத்துக்கு ஊரிலேயே தொல்லியல் அருங்காட்சியகம் இருக்கிறது, அரண்மனைக்குப் பதில் அதைப் பாருங்கள். ஆல்ப்ஸைச் சுற்றிய ஆறு நாடுகளில் ஏரிக்கரை, சதுப்புக் குடியிருப்புகள் 111 இடங்களை 2011இல் யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலில் சேர்த்தது, அவற்றில் சில இந்தச் சதுப்புக்குள் இருக்கின்றன. ஆக்சிஜன் இல்லாத ஈரச் சேறு மரத்தை அழுகவிடாது என்பதால் வீட்டுத் தூண், ஓடம், ஏறத்தாழ 5000 ஆண்டுப் பழமையான மரச் சக்கரங்கள்கூட எடுத்திருக்கிறார்கள். எனக்கு அதில் மிகவும் பிடித்தது, அந்தக் கால மனிதர்கள் சதுப்பின் மேல் போட்டிருந்த பலகைப் பாதைகள். ஆக, இங்கே பலகை போட்டு நடப்பது சுற்றுலாத் துறையின் கண்டுபிடிப்பு இல்லை. சதுப்பு காய்ந்தால் உள்ளே காற்று புகும், பல ஆயிரம் ஆண்டு காத்த மரம் சில பத்தாண்டுகளில் மக்கிவிடும். பறவைக்காரர்களும் தொல்லியல்காரர்களும் இங்கே ஒரே அணியில் நின்று பழைய வடிகால்களை அடைக்கச் சொல்வதற்கு இதுதான் காரணம்.

‘நாணல் இயற்கைதானே, அப்படியே விட்டுவிட்டால் போதாதா’ என்றும் கேட்டிருந்தீர்கள். இங்கே நான் உறுதியான தரையிலிருந்து கொஞ்சம் நகர்கிறேன். விட்டுவிட்டால் நிலப்பக்க நாணலுக்குள் வில்லோ புகுந்து, காலப்போக்கில் புதர்க்காடாகும், இதில் சந்தேகமில்லை. எல்லாவற்றையும் குளிர்காலத்தில் அறுத்தால் தண்டுக்குள் உறங்கும் பூச்சிகளும் போகும், தாடிக்குருவிக்கு மறைவும் போகும், இதிலும் சந்தேகமில்லை. இடையில் எவ்வளவு அறுப்பது, எத்தனை ஆண்டுக்கு ஒரு முறை என்பதில் துறைக்காரர்களே ஒத்துப்போவதில்லை. அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. மத்திய ஐரோப்பாவின் பல ஏரிகளில் கடந்த நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து நீர்ப்பக்க நாணல் பின்வாங்கி வருகிறது. உரமும் கழிவுநீரும் கலந்து ஏரியில் ஊட்டம் மிகுந்தது, நீர்மட்டத்தை மனிதன் கட்டிப்பிடித்து வைத்தது, இளங்குருத்தை வாத்து மேய்வது, படகு அலை என்று சந்தேகத்துக்குரியவர்கள் பலர். ஓர் ஏரியில் ஒன்று பொருந்தும், அடுத்த ஏரியில் பொருந்தாது. ஒரே காரணத்தைச் சொல்லி எங்காவது அறிவிப்புப் பலகை நட்டிருந்தால், எழுதியவர் அவசரப்பட்டிருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இனி முழங்கால். பாதை முழுவதும் சமதளம், படி இல்லை, சக்கர நாற்காலியும் போகும். போக ஒன்றரை, வர ஒன்றரை, மொத்தம் மூன்று கிலோமீட்டர். முடியாவிட்டால் எந்த இடத்திலும் திரும்பலாம், பாதியிலேயே நின்றுவிட்டாலும் கதிர்க்குருவி அதேதான். மழைக்குப் பிறகும் விடியல் பனியிலும் ஈரப் பலகை வழுக்கும், வழுக்காத அடிப்பகுதி உள்ள காலணி போடச் சொல்லுங்கள். ஊன்றுகோல் வைத்திருந்தால் முனையில் ரப்பர் இருக்கட்டும், அது இடுக்கில் மாட்டாது, சத்தமும் வராது.

பாம்பைப் பார்த்தால் அதிர்ஷ்டம் என்றே சொல்வேன். நீரில் தலையைத் தூக்கி நீந்துவது, கழுத்தின் இரு பக்கமும் மஞ்சள் பிறை இருந்தால், நஞ்சில்லாத நீர்ப்பாம்பு, நம் தண்ணீர்ப் பாம்பின் சாயலில் இருக்கும். மேல் சுவாபியாவின் சில சதுப்புகளில் விரியன் இனம் ஒன்றும் உண்டு, ஆனால் பலகையை விட்டு இறங்காதவரை அதற்கும் உங்களுக்கும் வழக்கில்லை. கொசு மாலையில் கடிக்கும், முழுக்கைச் சட்டை போதும். நான் கவலைப்படுவது உண்ணிக்குத்தான். நாணலில் குறைவு, பாதைக்கு முன்பும் பின்பும் வரும் புல்வெளியிலும் புதர் ஓரத்திலும் அதிகம். இந்த மாநிலம் ஏறக்குறைய முழுவதும் உண்ணி பரப்பும் மூளைக்காய்ச்சல் அபாயப் பகுதி. அன்று இரவே உடம்பைச் சோதித்துப் பாருங்கள், ஒட்டியிருந்தால் உடனே அகற்றுங்கள். தடுப்பூசி வேண்டுமா என்பதை மருத்துவரிடம் கேளுங்கள், அதில் என் கருத்துக்கு மதிப்பில்லை.

பேரப்பிள்ளைகள் கூட வந்தால், அதே ஊரில் ‘ஆடும் காடு’ என்று ஒரு சிறு மரக்கூட்டம் இருக்கிறது. பஞ்சுபோன்ற சதுப்புத் தரையில் குதித்தால் பக்கத்து மரம் அசையும். நாணலுக்குள் சத்தம் போடாதே என்று அடக்கிவைத்த பிள்ளைகளை அங்கே கொண்டுபோய் அவிழ்த்துவிடுங்கள். வரிசை மட்டும் மாறக் கூடாது, முதலில் நாணல், பிறகு குதியாட்டம்.